கருமாதி மெயில்

சிவநேசன் இறந்துபோய் ஒரு மாதம்கூட முடியவில்லை, அவர் கட்டி வைத்துவிட்டுப் போன மெயில் மக்கர் பண்ணத் தொடங்கியது.

முழுதாக நின்றுவிடவில்லை. வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டவை ஒழுங்காகப் போயின. ஊரில் பாதிப் பேர் முகவரி வைத்திருக்கும் அந்தப் பெரிய இலவச மெயில் கம்பெனிக்கு அனுப்புபவை மட்டும் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வந்தன.

பீடோங் ஊரின் கடைவரிசையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில்தான் சிவநேசனின் இண்டர்நெட் கம்பெனி இருந்தது. சுங்கை லாலாங்கிலிருந்து புக்கிட் செலம்பாவ் வரை, பெரிய கம்பெனிகள் கம்பி இழுக்காத தோட்டங்களுக்கும் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்களுக்கும் அவர் கூரைக்குக் கூரை ஆண்டெனா வைத்து இணைப்புக் கொடுத்தார். கடை வைத்திருப்பவர்களுக்குக் கடைப் பெயரிலேயே மெயில் முகவரியும் உண்டு. இப்போது அதையெல்லாம் பார்த்துக்கொள்வது அவர் மனைவி அம்சவள்ளியும் அவர் தம்பி ஹேமநாதனும்.

முதலில் படியேறி வந்தவர் சுங்கை பட்டாணியில் உணவகம் வைத்திருக்கும் முகம்மது கவுஸ்.

"தங்கச்சி, மசாலாவுக்கு ஆர்டர் அனுப்பினா எனக்கே திரும்பி வருது. என் கடை மசாலா அவ்வளவு காரமா?"

"பார்த்துக்கிட்டு இருக்கோம் பாய். ரெண்டு நாள் பொறுங்க."

"பொறுக்கறேன் லா. சிவநேசன் இருந்தா மெயில் போவலைன்னாகூட, பிரிண்ட் எடுத்து மோட்டர்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருப்பாரு." சிரிக்க நினைத்து, முடியாமல், தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

ஹேமநாதன் திரும்பி வந்த மெயில்களைக் குடைந்தான். எல்லாவற்றின் அடியிலும் ஒரே காரணம் இருந்தது: உங்களிடமிருந்து வரும் மெயில்களை ஸ்பேம், அதாவது வேண்டாத குப்பை, என்று எங்கள் பயனாளர்கள் பலர் புகார் செய்துள்ளனர்.

"நாம அப்படி என்ன குப்பையை அனுப்பினோம்?" என்றாள் அம்சவள்ளி.

அவன் புகார்களோடு வந்திருந்த நகலைத் திறந்து, திரையை அவள் பக்கம் மெதுவாகத் திருப்பினான்.

சிவநேசன் திரையில் சிரித்துக்கொண்டிருந்தார். கோடு போட்ட சட்டை. கீழே அவள் தன் கையால் தட்டச்சு செய்த கருமாதி அறிவிப்பு. வாடிக்கையாளர் அத்தனை பேரின் சொந்த முகவரிக்கும் அதை அனுப்பியிருந்தாள்.

"எல்லாமே இதுக்குத்தான் அண்ணி."

கருமாதியன்று கூட்டம் தெரு வரை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களா இவரை வேண்டாம் என்று சொன்னவர்கள்? அம்சவள்ளி வாங்கிவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"மெயிலை மூடிடுவோம் அண்ணி. நெட் மட்டும் ஓட்டுவோம். எல்லாரும் அந்தப் பெரிய கம்பெனிக்கே போயிக்கட்டும்."

"உங்க அண்ணன் ஆசையா செஞ்சது ஹேமா."

"அவர் இருந்தாரு, சமாளிச்சாரு. நம்மால முடியுமா?"

"மூடறதுன்னா மூடிக்கலாம். அவர் மேல யாருக்கு என்ன வருத்தம்னு தெரிஞ்சுக்கிட்டு மூடுறேன்."

மறுநாள் காலை அவள் புக்கிட் செலம்பாவுக்குப் போனாள். சிவநேசனின் முதல் ஆண்டெனா நின்றது அங்கே, அய்யாவு வீட்டுக் கூரைமேல். அய்யாவு தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஆடு வளர்த்து விற்கிறவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் அவரிடமே கேட்பது என்று வந்தாள்.

"வா அம்சா, உக்காரு. என்னா முகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

அவள் நின்றபடியே கேட்டாள். "அண்ணே, நான் அனுப்புன கருமாதி மெயிலை ஸ்பேம்னு யாரோ அமுக்கியிருக்காங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. உங்களுக்கு எதுவும் தெரியுமா?"

"தெரியுமாவா? நாந்தானே அமுக்குனேன்!" என்றார் அய்யாவு, ஒளிவுமறைவில்லாமல். "கோயில்ல மத்தவங்களுக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஏன் அண்ணே?" என்றாள் அம்சவள்ளி.

"கருமாதிப் பத்திரிகையைப் படிச்ச கையோட கிழிச்சு வெளியே போட்டுடணும்ல? வீட்டுல வெக்கக் கூடாதே. போன்ல எதைக் கிழிக்கிறது? குப்பைத்தொட்டியில போட்டா ஒரு மாசம் அதுலயே கெடக்குமாம், என் மவன் சொன்னான். அதான் அந்த ஆச்சரியக்குறி போட்ட ஸ்பேம் பட்டன் இருக்கே, அதை அமுக்குனேன். படக்குனு காணாம போயிருச்சு. நல்லா இருக்கேன்னு எல்லாருக்கும் காட்டிக் குடுத்தேன்." அவர் குரல் இறங்கியது. "ஏன், தப்பா?"

அம்சவள்ளி உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அய்யாவுவின் மனைவி பாப்பாத்தி, "என்னத்தைச் சொல்லித் தொலைச்சீங்க அந்தப் புள்ளகிட்ட?" என்று கணவரை ஏசினாள்.

அங்கிருந்தே அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பேச, விஷயத்தைக் கேட்டு ஹேமநாதன் போனிலேயே துள்ளினான். "அப்படின்னா வழி இருக்கு அண்ணி! அமுக்குனவங்க எல்லாரும் அந்த ஸ்பேம் பெட்டிக்குள்ள போய், 'இது ஸ்பேம் இல்லை'ன்னு திரும்ப அமுக்கணும். நான் ஒரு பக்கம் அந்தப் பெரிய கம்பெனிக்கும் எழுதிப் போடறேன்."

"அமுக்குனா என்ன ஆகும்?"

"மெயில் பழையபடி இன்பாக்ஸுக்கு வந்துடும்."

அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம் ஹேமா. கிழிச்சுப் போட்ட சாவுச் செய்தியை மறுபடி வீட்டுக்குள்ள எடுத்து வைங்கன்னு நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? மூடிடுவோம்."

அய்யாவு தலைகுனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் சட்டைப் பையிலிருந்து போனை உருவினாள்.

"எங்க அமுக்கணும்? காட்டுங்க."

"ஏய், அது..."

"எது? அந்தத் தம்பி கூரையில ஏறி ஆண்டெனாவைத் திருப்பிட்டு எறங்குனா, நேரா அடுப்படிக்குத்தானே வரும்? 'அக்கா, கருவாடு வாசம் மேல வரைக்கும் வருது'ன்னு தட்டைத் தானே எடுத்துக்கும். உசுரோட இருந்தப்ப உள்ள வந்த புள்ளையை இப்ப வாசல்ல நிறுத்தி வெக்கணுமா? வரட்டும். வந்து இருக்கட்டும்."

அய்யாவு ஸ்பேம் பெட்டியைத் திறந்து காட்டினார். பாப்பாத்தி ஒரு விரலால், சுடுகிற தோசைக்கல்லைத் தொடுவதுபோலத் தொட்டாள். கோடு போட்ட சட்டையோடு சிவநேசன் திரும்பி வந்தார். இன்பாக்ஸில், ஆட்டுத்தீவனக் கடை ரசீதுக்கு அடியில்.

அய்யாவு எழுந்து மோட்டர் சைக்கிள் சாவியை எடுத்தார். "நான் சொல்லிக் குடுத்த வேலை. நானே வீடு வீடாப் போறேன்."

சில வீடுகளில் யோசித்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் அமுக்கினார்கள். அதனால்தான் மெயில் சரியானதா, இல்லை ஹேமநாதன் எழுதிய விண்ணப்பத்தை அந்தப் பெரிய கம்பெனியில் யாராவது படித்தார்களா, அம்சவள்ளிக்கும் ஹேமநாதனுக்கும் இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த வாரக் கடைசியில் கவுஸ் பாய் கீழே தெருவிலிருந்தே கத்தினார்: "தங்கச்சி! மசாலா வந்துருச்சு!"

மெயிலை மூடும் பேச்சை ஹேமநாதன் அதன்பிறகு எடுக்கவில்லை.

அம்சவள்ளி எல்லாருக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதினாள். படம் வைக்கவில்லை. நான்கே வரி. மொத்தமாக அனுப்பினால் ஸ்பேம் என்று சந்தேகப்படுவார்கள் என்று, சிவநேசன் செய்துவந்ததுபோலப் பத்துப் பத்துப் பேராக, நடுவில் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துவிட்டு வந்து அனுப்பினாள்.

எந்த மெயிலுக்கும் பதில் போட்டே பழக்கமில்லாத அய்யாவுவிடமிருந்து சாயங்காலம் ஒரு வரி வந்திருந்தது.

'வந்து சேர்ந்தது. ரெண்டையும் வெச்சிருக்கோம்.'