நன்றியுரைக்கு ராமாத்தாள்

எந்தத் தமிழ்ச் சங்க விழாவிலும் நன்றியுரையை ஒரு ஜென்மமும் கேட்பதில்லை. "இப்போது நன்றியுரை" என்று அறிவித்தார்களோ இல்லையோ, கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் பாய்ந்துவிடும். அதனால்தானோ என்னவோ, கடல் கடந்து வந்தவர்கள் நடத்தும் மான்மவுத் ஜங்ஷன் சங்கத்தில் அதை எப்போதும் ஒரு பெண்ணுக்கே கொடுப்பார்கள். தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாம் வேட்டி கட்டியவர்களுக்கு. இந்தப் பொங்கல் விழாவில் நன்றியுரை ராமாத்தாளுக்கு வந்தது. கணவர் வேலுமணி சங்கச் செயலாளர் ஆயிற்றே, வேறு யாருக்குப் போகும்!

காரில் வரும்போதே யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வேலுமணி ஒப்பித்துக் காட்டினார். இடம் கொடுத்த பள்ளிக்கூடம், ஸ்பான்சர் பண்ணிய ரியல் எஸ்டேட்காரர், மைக் செட் போட்டவர், முன்னாள் தலைவர் சேனாபதி.

"ஏனுங்க, கண்மணி பேரையும் சொல்லிப்போடட்டுங்களா?"

வேலுமணி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். "வெளயாடறயா? சேனாபதி மொத வரிசைல உக்காந்திருப்பாரு. அவரு முன்னால அந்தப் புள்ள பேர எடுப்பியா? உன்ற நன்றிய போன்ல சொல்லிக்க."

போனில் சொல்லாமலா இருந்தாள்? நூறு தடவை சொல்லியிருப்பாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. போன வருஷம் மார்பில் கட்டி என்று ஆபரேஷன் முடிந்து, தினமும் ரேடியேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. வேலுமணிக்குப் புது வேலை. லீவு கேட்டால் வேலைக்கே உலை. வாட்ஸப் குழுவில் இதயமும் கும்பிடு கையும் வந்து குவிந்தன. வாசலில் வந்து நின்றது மட்டும் கண்மணியின் கார்தான். பனி கொட்டுகிற காலையிலும் ஹீட்டரைப் போட்டுக் காரைச் சூடாக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்தக் கண்மணி சேனாபதியின் மனைவியாக இருந்தவள். அவர் கை நீட்டுகிறவர் என்பது சங்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து டிவோர்ஸ் வாங்கினாள். அவ்வளவுதான், குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள், விசேஷங்களுக்கு அழைப்பது நின்றது. பேச்சு வந்தால்கூட "அந்தம்மா" என்பதோடு சரி. அடித்தவர் முதல் வரிசையில், அடிபட்டவள் கடைசி வரிசையில். என்ன நியாயமோ, போங்கள்!

அன்றைக்கும் அவள் கடைசி வரிசையில்தான் இருந்தாள், மகள் வெண்பா கும்மி ஆடுகிறாள் என்பதற்காக. இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி.

ராமாத்தாள் மேடையேறி "அனைவருக்கும் வணக்கம்" என்பதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. ஹால் ஓரத்தில் பவளமும் மற்றப் பெண்களும் அலுமினிய ட்ரேக்களைத் திறந்து பரிமாறத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு நன்றி, ஸ்பான்சருக்கு நன்றி என்று இவள் அடுக்கிக்கொண்டே போனாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது கண்மணி பெயரைச் சொன்னாலும் வம்பே இல்லை, யார் காதிலும் விழப்போவதில்லை. ஆனால் யார் காதிலும் விழாத நன்றி என்ன நன்றி?

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பவளம்! கரண்டியக் கீழ வை. யாருக்கும் சோறு போடாதீங்க!"

ஸ்பீக்கர் அலறியது. பவளம் ஒரு நொடி திகைத்துப் பார்த்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டாள். அப்பளம் கொடுத்துக்கொண்டிருந்தவளும் கையை எடுத்துக்கொண்டாள். தட்டேந்தி நின்ற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். சோற்றை நிறுத்தினால் அல்லவா காது திறக்கிறது!

"ரெண்டே நிமிஷமுங்க. எனக்கு கேன்சர் வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். இன்னைக்கு நான் இங்க நிக்கறன்னா டாக்டருக்கு அப்பறம் ஒருத்திக்குத்தான் நன்றி சொல்லோணும். தெனமும் என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போனா. தோலு வெந்து துணி பட முடியாதப்ப மருந்து தடவி உட்டா. கார்ல நான் அழுதா கூடவே உக்காந்து அழுதா. கண்மணிங்க. அதா, கடைசி வரிசைல இருக்கா பாருங்க. கண்மணி, நீ இல்லீன்னா நான் இல்ல சாமி."

சேனாபதி விருட்டென்று எழுந்து, மேடைப் படியருகே நின்ற வேலுமணியிடம் வந்தார்.

"என்ன சார் இது? நன்றியுரையா, பஞ்சாயத்தா?"

வேலுமணி தொண்டையைச் செருமினார். சேனாபதியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் பேசினார். ஆனாலும் பேசினார் மனிதர்.

"நன்றி சொல்லத்தானுங்க மைக் குடுத்தோம். சொல்லீட்டா. நான் சொல்லியிருக்கோணும்."

அடடா, அந்த ஒரு வார்த்தைக்காக இருபது வருஷக் குடித்தனத்துச் சண்டைகளையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று இருந்தது ராமாத்தாளுக்கு. மேடையிலிருந்தே அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். சேனாபதி குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பவளம் கரண்டியை எடுத்தாள். ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, நேரே கடைசி வரிசைக்கு நடந்தாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் போய்க் காலி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ராமாத்தாள் இறங்கி ஓடிவந்தபோது கண்மணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, நான் தப்பாப் பேசிப்போட்டனா?"

"இல்லக்கா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஹால்ல எம் பேர யாராச்சும் வாயத் தொறந்து சொல்லி எத்தன காலமாச்சு தெரியுமா? இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"கண்மணி," என்றாள் ராமாத்தாள். மைக் இல்லாமலே அது சாப்பாட்டு வரிசை வரைக்கும் கேட்டது.

பவளம் தட்டை நீட்டினாள். "கண்மணி, சாப்புடுடி. ஆறுது பாரு."