ஆமிர் பூசச் சொன்ன சுவர்

கோமு கொத்தனார் உளியை வைத்து ஒரு தட்டுதான் தட்டினார். சிமெண்ட் பூச்சு பெரிய தகடாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. பின்னால் தெரிந்த சுண்ணாம்புக்கல்லில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. டீயில் ஊறிய ரஸ்க்கு மாதிரி இருந்தது கல்.

ஆமிர் பக்கத்தில் நின்று பார்த்தான். துபாயிலிருந்து வந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

காயல்பட்டினத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு வீட்டை ஒழுங்கு பண்ணும் பொறுப்பு ஆமிர் தலையில் விழுந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், தங்கை தஸ்மியாவின் கல்யாணத்துக்காக லீவில் வந்தான். கடலோரத்தில் வெட்டிய கல்லில் கட்டிய பழைய வீடு. அவள் அறையில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, பாயெல்லாம் மாவாகக் கிடந்தது.

கோமு அன்றைக்கே சொன்னார்: "இந்தக் கல்லு தரையிலருந்து உப்புத்தண்ணிய உறிஞ்சும் தம்பி. மேல சுண்ணாம்பு இருந்தா ஈரம் வெளிய வந்து காஞ்சிரும். பூச்சு உதிரும், கல்லு நிக்கும். சிமெண்டப் பூசுனா ஈரம் உள்ளயே கெடக்கும். கல்லு செத்துரும்."

"சுண்ணாம்புன்னா எத்தன நாளு அண்ணாச்சி?"

"பூசிக் காய ரெண்டு மாசம்."

"கல்யாணத்துக்கு இருவத்தஞ்சு நாளுதான் இருக்கு. மாப்பிள்ளைய ஈரச் செவத்துல சாய்ச்சு வைக்கவா?"

"எதுக்கும் தங்கச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. அவுக வீடுல்லா."

ஆமிர் கேட்கவில்லை. 'கொத்தனாரே சிமெண்ட் போதும்னுட்டாரு' என்று அவளிடம் போய்ச் சொன்னான். சுவர் கண்ணாடி மாதிரி ஆனது. வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்தார்கள்.

இரண்டாவது மழைக்குச் சுவர் வயிறு தள்ளியது. அறை முழுக்கப் பூஞ்சை நாற்றம். மாப்பிள்ளை ஜீஷானுக்கு மூச்சிரைப்பு வந்து, தன் உம்மா வீட்டுக்குப் படுக்கப் போனவர்தான். எட்டு மாசமாகத் திரும்பவில்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்குச் சந்தில் பேச்சு. தஸ்மியா தன் பங்குக்கு ஒன்று செய்தாள். கோமுவைக் கூப்பிடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னாள். அந்தத் தெருவில் அவருக்கு வேலை நின்றுபோனது. ஆனாலும் ஆமிர் போன் செய்ததும் வந்துவிட்டார்.

தஸ்மியா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன சொல்லுதாரு உன் கொத்தனாரு? மறுபடியும் சிமெண்ட் போதுமாமா?"

கோமு உளியைத் துடைத்தார். ஆமிரைப் பார்த்தார்.

"வாய் இருக்குல்லா அண்ணாச்சி? அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் தஸ்மியா.

"நான் என்ன சொன்னேன்னு தம்பிக்குத் தெரியும்," என்றார் கோமு. "செவத்த முழுசா எறக்கணும். முட்டுக் குடுக்காம இனி ஒரு தட்டுத் தட்டுனாலும் மேல உள்ள மச்சு இறங்கிரும்."

மரக்கட்டை எடுக்க அவர் வெளியே போகத் திரும்பினார். இவர் போன பிறகு சொல்லலாம் என்று ஆமிர் நினைத்தான். பிறகு சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்திருந்தது.

"அவரு வேண்டாம்னாரு," என்றான். "உங்கிட்ட கேக்கச் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

கோமு நிலைப்படியில் நின்றுவிட்டார். தஸ்மியா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அழுவாள் என்று ஆமிர் எதிர்பார்த்திருந்தான். அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம்.

"தெருவுல எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டேனே," என்றாள். கோமுவைப் பார்க்காமலே, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்றாள்.

"செவத்தப் பாப்போம்மா," என்றார் அவர்.

"லீவு எத்தன நாளு?" என்று ஆமிரிடம் கேட்டாள்.

"இருவது."

"செவரு எடுத்து, சுண்ணாம்பு பூசிக் காய?"

"நாலு மாசம் ஆவும்," என்றார் கோமு.

"ஆவட்டும். நான் இங்கனதான இருக்கேன்." கீழே கிடந்த சிமெண்ட் தகட்டைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "நீ கெளம்பும்போது சொல்லு காக்கா. உங்கிட்ட இருக்க வீட்டுச் சாவிய என் கையில குடுத்துட்டுப் போ. இனி செவத்தப் பத்தி அண்ணாச்சிகிட்ட நானே பேசிக்கிடுதேன்."