எல்லாரும் பச்சை

மத்திகிரியில் வாடகைக்கு இருக்கிற செல்வத்துக்கு ஒரு மாதமாக எதுவுமே உறைக்கவில்லை. சோற்றில் உப்பில்லாததும் தெரியவில்லை, கொதிக்கிற டீயில் நாக்கு வெந்ததும் தெரியவில்லை. கம்பெனியில் பக்கத்து பிரஸ் மெஷினில் நின்ற மணிகண்டன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்ததிலிருந்து இப்படித்தான். அழுகையாவது வந்ததா? அதுவும் இல்லை. மரக்கட்டை.

அவன் பெண்டாட்டி பொற்கொடிக்கு அதே கவலைதான். இரும்புத் தகட்டையே நசுக்குகிற மெஷினில் சுரணையில்லாமல் நிற்கிறவனுக்கு விரல் எப்படி மிஞ்சும்? காலையில் வாசலை மறித்துக்கொண்டாள்.

"இன்னைக்காவது செவப்பு வைங்க."

அது கம்பெனி வழக்கம். ஷிப்டுக்கு முன்னால் பலகையில் அவரவர் போட்டோவுக்குக் கீழே காந்த வில்லை ஒட்ட வேண்டும். மனசும் உடம்பும் நன்றாயிருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், சரியில்லையென்றால் சிவப்பு. சிவப்பு வைத்தவனை மெஷினில் நிறுத்தாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான், எவன் வைத்தான்? வைத்தால் சூப்பர்வைசர் பிரதாப் நாலு பேர் முன்னால் வீட்டில் சண்டையா என்று கேட்பார். அப்புறம் ஆயுசுக்கும் அதே கேலி. மணிகண்டன்கூட வலிக்கிற நெஞ்சோடு பச்சைதான் வைத்தான். வெறும் வாயு மாப்ள என்றான். செல்வமும் விட்டுவிட்டான்.

பொற்கொடி சொன்னது கேட் தாண்டியதும் மறந்துபோய், செல்வம் பழக்கதோஷத்தில் பச்சையையே ஒட்டினான். அன்று பெங்களூரிலிருந்து சுஜாதா மேடம் வகுப்பெடுக்க வந்திருந்தார். சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு ஆயுள் கூடுதலாம், ஆராய்ச்சியே சொல்கிறதாம். பலகையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் பச்சை! அப்போ நீங்க எல்லாரும் நூறு வயசு இருப்பீங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். செல்வமும் தட்டினான். தட்டிக்கொண்டே பலகையைப் பார்த்தான். அடுத்தவன் வில்லையைத் தொடக் கூடாது என்பது விதி. மணிகண்டன் வைத்த பச்சை இன்னும் அப்படியே இருந்தது.

எழுந்து போய் அதை எடுத்தான். தன்னுடையதையும் எடுத்தான்.

"இவன் செத்துப் போய்ட்டான் மேடம்," என்றான். "ரெண்டு செவப்பு குடுங்க."

பலகைக்குக் கீழே இருந்த வில்லை டப்பாவில் சிவப்பு இல்லை. பிரதாப் அலமாரியைத் துழாவி ஒரு பாக்கெட்டை எடுத்துவந்தார். பலகையோடு வந்த பாக்கெட், இதுவரை பிரிக்கவே இல்லை. எதுவும் கேட்காமல் பல்லால் கடித்துப் பிரித்துக் கொடுத்தார்.

செல்வம் முதல் சிவப்பை மணிகண்டனுக்கு ஒட்டினான். "அன்னைக்கே இதை வச்சிருக்கணும்டா," என்றான். இரண்டாவதைத் தனக்கு ஒட்டும்போது கை நடுங்கியது. நடுங்குகிறது என்று அவனுக்கே தெரிந்தது.