வடிவு வீட்டு வாசல்ல நின்ன 'அ'

செங்குளத்தூர்ல எந்தச் சாமானும், எந்த ஆளும் நேரா வீட்டுக்குள்ள வந்துர முடியாது. மொதல்ல அந்தச் சொல்லோட மொத சத்தம் வந்து வாசல்ல நிக்கும். வீட்டுல மூணு வயசு முடிஞ்ச சின்னப் புள்ள இருந்தா, பின்னால வாறது என்னன்னு அதுதான் சொல்லணும். புள்ள என்ன சொல்லுதோ அது உள்ள வரும். பெரியவங்க சொன்னா செல்லாது. அவங்க காது முத்திப்போச்சு.

சுடலைவடிவு மக மகிழினிக்கு மூணு வயசு முடிஞ்ச அன்னைக்கு, வடிவு கடைத்தெருவுக்குப் போயி கேக்கு வாங்கிட்டு வந்தா. 'கே' முன்னால குதிச்சுப் போயி வாசல்ல நின்னுச்சு. அது மூச்சு வாங்குறதுக்குள்ள புள்ள, "கேக்கு!"ன்னுட்டா. கேக்கு உள்ள போயிட்டு. அடுத்து வடிவுக்கு முன்னால, அம்மாவோட 'அ' போயி நின்னுச்சு. புள்ள அதை மேலயும் கீழயும் பாத்தா. "தெரியல"ன்னுட்டு கேக்குப் பக்கம் திரும்பிட்டா.

வடிவு வெளிய நின்னா. கையில மெழுகுவத்தி டப்பா மட்டும் மிச்சம்.

உள்ள அவளோட நாத்தனார்மாரு ரெண்டு பேரு. மூத்தவ பேச்சித்தாய் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "கவலப்படாதிய மைனி. ஒங்க பங்குக் கேக்கைக் கெட்டுப்போக விடமாட்டோம்"னா. சொன்ன சொல்லக் காப்பாத்துற குடும்பம். பத்து நிமிசத்துல காப்பாத்திட்டாங்க.

புருசன் துபாயில இருக்கான். வெவரத்தைப் போன்ல சொன்னா, "என்ன ஒரே வண்டிச் சத்தமா இருக்கு? வீட்டுக்குள்ள போயிப் பேசு"ன்னான்.

வடிவு ஒரு நீல ஸ்டூலை வாங்கி வாசல்ல போட்டு உக்காந்தா. 'அ' பக்கத்துல குத்தவச்சுது. எதிர்வீட்டுக்காரி கோலம் போட்டுக்கிட்டே ஆறுதல் சொன்னா. "எங்க மாமனாரு இப்படித்தான் ஆறு மாசம் தெருவுல கெடந்தாரு. நிம்மதியா இருந்துச்சு."

மகிழினி படிப்புல மட்டம்னு சொல்லிர முடியாது. 'கொ' வந்து நின்னப்ப "கொசு"ன்னு பட்டுனு சொன்னா. பின்னால ஒரு கூடை கொய்யாப்பழம் வந்துச்சாம். அது அடுத்த வீட்டுக்குப் போயிட்டு. ராவெல்லாம் நாத்தனார்மாரு கன்னத்துல அடிச்சுக்கிட்டாங்க. வெளிய வடிவு சொகமாத் தூங்குனா. ஆனா புள்ள கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, "மைனி, உள்ள வா மைனி"ன்னு அழும்போது மட்டும் அவ எந்திரிச்சுப் போயி கம்பி வழியா புள்ள விரலப் பிடிச்சுக்குவா.

பால்வாடி டீச்சர் ஞானஜோதிக்கு ஆள் விட்டாங்க. டீச்சருக்கு ஊரே மூணு வயசு. "அம்மா எங்கே நிக்கறாங்க? வெளியே நிக்கறாங்க! வெரி குட்! கை தட்டுங்க!"ன்னுகிட்டே வந்தா. வடிவும் கை தட்டினா. தட்டாம இருந்தா டீச்சர் விடமாட்டா.

டீச்சர் பையில இருந்து ஒரு அட்டைய எடுத்தா. அதுல அணில் படம். "அ… அணில்! எல்லாரும் சேந்து!" உள்ள நாத்தனார்மாரு, வெளிய வடிவு, எதிர்வீட்டுக்காரி, எல்லாரும் சேந்து கத்துனாங்க. மத்தியானம் வரைக்கும் அணில் அணில்னு தெருவே கெடந்து கொதிச்சுது. அப்புறம் 'அ' எந்திரிச்சு வேட்டிய ஒதறிட்டு வாசல்ல போயி நின்னுச்சு.

"அணில்!"ன்னா மகிழினி.

திமுதிமுன்னு அணில் கூட்டமா உள்ள போச்சு. பரண்ல ஏறி நெலக்கடலை டப்பாவத் தொறந்து குடித்தனம் ஆரம்பிச்சுட்டு.

"வெரி குட்! புள்ளைக்கு 'அ' வந்துருச்சு"ன்னா டீச்சர். "அடுத்த வாரம் 'ஆ'. ஆடு அட்டை கொண்டாரேன்."

"மைனி, வா மைனி"ன்னு புள்ள மறுபடி அழுதா.

"அப்படிச் சொல்லப்படாது தங்கம். அம்மா சொல்லு"ன்னா டீச்சர்.

உள்ள ரெண்டு நாத்தனாரும் சிரிச்சாங்க. அவங்க விடிஞ்சா அடைஞ்சா "மைனி உப்பெங்க, மைனி சீப்பெங்க"ன்னு அண்ணிக்காரி வடிவக் கூப்பிடுறதக் கேட்டுத்தான் புள்ளையும் பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து மைனிங்கா. அப்ப எல்லாரும் சிரிச்சு முத்தம் குடுத்தாங்களே தவிர, ஒருத்தரும் திருத்தல.

வடிவு சட்டுனு ஸ்டூல விட்டு எந்திரிச்சா. 'அ'வப் பாத்து, "நீ இரு"ன்னுட்டு நேரா பரோட்டாக் கடைக்குப் போனா. அங்க மைதா மூட்டை மேல ஒடம்பெல்லாம் வெள்ளையா 'மை' சாஞ்சு கெடந்துச்சு. ஊர்ல அதுக்கு வேற சோலி கெடையாது.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் வீடு வரைக்கும் அனுப்புங்க."

பரோட்டா மாஸ்டர் சூசை கைய வேட்டியில தொடச்சாரு. "கூட்டிட்டுப் போ தாயி. ஆனா புள்ள மைதான்னு வாயத் தொறந்துட்டா, மூட்டை பூரா ஒங்க வீட்டுக்கு உருண்டுரும். அப்புறம் எனக்குக் கடையும் கெடையாது, ஒனக்கு வீடும் கெடையாது."

'மை' வாசல்ல போயி மாவத் தட்டிட்டு நின்னுச்சு. மகிழினி மோந்து பாத்தா. பரோட்டா வாசம். புள்ளைக்குப் பரோட்டான்னா உசுரு. "மை…"ன்னு இழுத்தா. தெருக் கோடியில ஒரு மூட்டை பொத்துன்னு கீழ எறங்குற சத்தம் கேட்டுச்சு. வடிவு கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. டீச்சர் போயாச்சு, அட்டையக் காட்டவும் ஆளில்ல, கை தட்டவும் ஆளில்ல.

புள்ள மூக்க உறிஞ்சினா.

"மைனி"ன்னா.

வடிவு உள்ள போயி புள்ளைய வாரித் தூக்கினா. "மைனி, மைனி"ன்னு அது கழுத்தக் கட்டிக்கிட்டுது. அணிலெல்லாம் நகந்து எடம் குடுத்துச்சு. "ஒங்க பங்குக் கொசு அப்படியே இருக்கு மைனி"ன்னா பேச்சித்தாய். 'மை' கடைக்குத் திரும்பிட்டு.

சாயங்காலம் புள்ள மடியில தூங்கையில, கேட்டுப் பக்கம் ஸ்டூல் நகர்ற சத்தம் கேட்டுச்சு. வடிவு எட்டிப் பாத்தா. 'அ' எடத்த விட்டுப் போகல. அதுக்குப் பின்னால ஒரு பொம்பள நின்னா. வடிவு கட்டியிருந்த அதே சேலை, கையில அதே மெழுகுவத்தி டப்பா. புள்ள இன்னும் சொல்லாத அந்த அம்மா.

"புள்ள சாப்பிட்டாளா?"ன்னு அவ கேட்டா.

"சாப்பிட்டா. தூங்குதா."

"சரி, எழுப்பாத."

வடிவு கம்பி வழியா ஒரு டம்ளர் காப்பிய நீட்டினா. அவ வாங்கிக்கிட்டு நீல ஸ்டூல்ல உக்காந்தா. 'அ'வுக்கும் கொஞ்சம் ஆத்திக் குடுத்தா.