கருவாடு தின்று காட்டிய கிராணி

ஈப்போவில் ரத்தக் கொதிப்பை வென்றவன் என்று 1979இல் என்னை நானே அறிவித்துக்கொண்டேன். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் ஒரு கட்டி. அது சுரக்கும் ஹார்மோன்தான் கொதிப்பை ஏற்றுகிறது என்று கோலாலம்பூர் டாக்டர் அதை வெட்டி எடுத்தார். வெட்டியது அவர், பெருமை எனக்கு. நன்றிப் பூசை வைத்து, மாதா கோயில் மண்டபத்தில் விருந்து போட்டு, இருநூறு பேர் முன்னால் ஒரு முழுக் கருவாட்டைத் தின்று காட்டினேன். ஆறு வருஷமாக உப்பில்லாமல் சமைத்த என் மனைவி ஹில்டா அன்று சந்தோஷத்தில் அழுதாள்.

நாலு வருஷத்தில் கொதிப்பு திரும்பியது. மிச்சம் விட்ட சுரப்பியில் மறுபடி கட்டி. உடனே இன்னொரு ஆப்பரேஷன், இல்லையென்றால் பக்கவாதம் வரும் என்றார் டாக்டர். நான் கவலைப்பட்டது அந்த இருநூறு பேரை நினைத்து. தோட்டத்தில் முப்பது வருஷம் காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, நான். என் வாயில் தப்பு வரலாமா? ஹில்டாவிடமும் சொல்லவில்லை. அவளோ ஹுத்தான் மெலிந்தாங் மீனவர் ஊரிலிருந்து கருவாடு வரவழைத்து வாரம் மூன்று நாள் குழம்பு வைத்தாள். நானும் வழித்துச் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டவனால் எழுந்திருக்க முடியவில்லை. பொட்டாசியம் குறைந்தால் கால் சோர்ந்துவிடும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். பூசை முடிந்தது. நான் அப்படியே இருந்தேன்.

எனக்குப் பின்வரிசையில், அன்று விருந்து சாப்பிட்டவர்களில் ஒருவனான பாஸ்கல் யாரிடமோ சொன்னான்: "ஆம்புரோஸ் அண்ணன பாரு. சொகமாகி நாலு வருஷத்துக்கு மேலாச்சு, இன்னும் நன்றி மறக்கல லா."

நான் கண்ணை மூடி, கையை இன்னும் உயர்த்திக் கும்பிட்டேன். அந்த வெட்கக்கேட்டையும் செய்தேன்.

கோயில் காலியானதும் ஹில்டா வந்தாள். "என்னங்க, போலாம்."

"கால் வரல. கொதிப்பு திரும்பி எட்டு மாசமாச்சு. மறுபடி வெட்டணுமாம்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப நான் வச்ச கருவாட்டுக் கொழம்பெல்லாம்?"

"ருசியா இருந்துச்சு."

"எட்டு மாசமா என் கையாலேயே உங்களுக்கு வெஷம் வச்சிருக்கேன்" என்று அழுதாள். விருந்தன்று அழுத அழுகை இல்லை இது. என் கௌரவத்துக்கு என் உயிரைத்தான் பணயம் வைத்ததாக நினைத்திருந்தேன். அவள் கையையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பாஸ்கல கூப்பிடு" என்றேன்.

வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பாஸ்கலின் தோளில் தொங்கியபடி, விருந்து சாப்பிட்ட அந்த முகங்களைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்குச் சொகமாகல. மறுபடி வெட்டப் போறாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"அதனால என்ன அண்ணே," என்றான் பாஸ்கல், "நல்லபடியா வந்து இன்னொரு விருந்து போடுங்க லா."

ஹில்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பில்லாம" என்றாள்.