பாயிண்ட் வேண்டாம்

ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பம்புகளைச் சரிசெய்யும் இன்ஜினியர் அவர். ஆறு வருடமாக ஒரே நிறுவனத்தின் விமானத்தில் பறந்து பாயிண்ட் சேர்த்திருந்தார். மனைவியையும் மகளையும் கடல் பார்க்க இலவச டிக்கெட்டில் கூட்டிப்போக அது போதும்.

அன்று காலை விமான நிலையத்தில், விமானம் தாமதம் என்று கவுன்டர் பெண் சொன்னாள். வரிசையில் இன்ஜினியருக்கு முன்னால் நின்ற தடியன் அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். இன்ஜினியர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். அவன் விட்ட குத்தில் அவருடைய முன்பல் உடைந்தது. கீழே விழுந்தவரின் விலாவில் திரும்பத் திரும்ப உதைத்தான். விமான நிலையக் காவலர்கள் வந்துதான் அவனை இழுத்துப் போனார்கள்.

விமான நிறுவனத்தின் மேனேஜர் ஓடி வந்தார். "சார், உங்களை அடிச்சவர் எங்க பிளாட்டினம் மெம்பர், ரொம்பப் பெரிய கஸ்டமர். போலீஸ் கீலீஸ்னு போகாதீங்க. உங்க பாயிண்டை டபுளாக்கிடறேன்."

இன்ஜினியர் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கு?"

"மூக்கு உடைஞ்சிருச்சு."

"அப்புறம் என்னங்க யோசனை? கடலுக்கு நாம ரயில்ல போய்க்கலாம்."

அவர் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார். பிறகு தன் மெம்பர் அட்டையை மேனேஜரிடம் நீட்டினார்.

"உங்க மெம்பர் லிஸ்ட்லருந்து என் பேரை எடுத்துடுங்க."

"சேர்த்ததெல்லாம் போயிடும், சார்."

"போகட்டும். அந்தாளு இருக்கிற லிஸ்ட்ல நான் இருக்க வேண்டாம்."

மேனேஜர் கம்ப்யூட்டரில் பெயரை நீக்கும்வரை, வாயில் ரத்தத்தோடு அவர் அங்கேயே நின்றார்.