தேதி போடாத பாட்டில்

தம்பி தன் மருந்துக் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது, அவள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் வேலை. ஊரில் உள்ள வாட்ச்மேன்கள் அத்தனை பேருக்கும் அவள் லிஃப்டம்மா. போனில் பேசியது தம்பியின் மனைவி.

"இனிமே யாருக்கும் மருந்தே வேண்டியிருக்காதாம், அண்ணி. வர்ற வெள்ளிக்கிழமை சூரியன் மறையாதாம். அதுக்கப்புறம் நோயும் இல்ல, சாவும் இல்லையாம். நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். சனிக்கிழமை அவருக்குப் புத்தி தெளிஞ்சிருந்தா ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

அவள் கையிலிருந்த டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி கொஞ்ச நாளாகவே நீச்சல் டீச்சரின் கூட்டத்துக்குப் போய்வருவது அவளுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்மணி. ஒருநாள் குளத்தின் அடியில் மூச்சடக்கிக் கிடந்தபோது மேலேயிருந்த வெளிச்சம் தன்னிடம் பேசியதாகச் சொன்னாள். அவளைச் சுற்றி முப்பது பேர் சேர்ந்திருந்தார்கள். தம்பி அங்கே போனதற்குக் காரணம் இருந்தது. மாதாமாதம் மருந்து வாங்க வருகிறவர் ஒரு மாதம் வராமல் போவார். இரண்டாம் மாதமும் வரமாட்டார். அவருக்கென எடுத்துவைத்த மாத்திரைகளை மறுபடி அலமாரியில் அடுக்க வேண்டியிருக்கும். அப்படி அடுக்கி அடுக்கி அவனுக்கு மனமே விட்டுப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் விடுப்பு போட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி நின்றான்.

"நீயும் வாக்கா. வந்து பாரு."

"வரேன். உன்னைத் திரும்பக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணுமில்ல."

காரில் போகும்போது அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் சிறு வயதிலிருந்தே பிரார்த்தனை மண்டபத்துக்குப் போகிறவள். அங்கே பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள்தான். தம்பியும் பிறந்து வளர்ந்தது அதே நம்பிக்கையில்தான்.

"நம்மளோடது எத்தனை தலைமுறையா இருக்கு. இது நேத்து முளைச்சதுடா."

"நம்மளோடதும் ஒரு காலத்துல நேத்து முளைச்சதுதானே?"

"கோடிக்கணக்கான பேர் நம்புறாங்க."

"முதல்ல முப்பது பேர்தான் நம்பியிருப்பாங்க."

"அவங்க யாரும் நீச்சல் கிளாஸ் நடத்தல."

தம்பி சிரித்துவிட்டான். "அது என்னவோ உண்மைதான்" என்றான்.

கூடிய இடம் ஓர் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் மொட்டைத் தளம். அங்கே மேற்குப் பக்கம் மறைப்பு எதுவும் கிடையாது. மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு எல்லோரும் கருப்புக் கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். நீச்சல் டீச்சர் முன்வரிசையில் இருந்தாள். குளோரின் தண்ணீரில் வெளுத்துப்போன தலைமுடி, குட்டையான உருவம், அதிர்ந்து பேசாத குரல். லிஃப்டம்மா எதிர்பார்த்து வந்தது வேறு மாதிரி ஒருத்தியை. இவள் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

சூரியன் இறங்கிக்கொண்டே வந்தது. தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் தொட்டதும் பின்னாலிருந்து யாரோ, "நின்னுடுச்சு" என்று முணுமுணுத்தார்கள். ஒரு பெண் விசும்பினாள். லிஃப்டம்மாவும் பார்த்தாள். அது நின்றுவிட்ட மாதிரிதான் அவளுக்கும் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே இருந்துவிட்டால்? அந்த ஒரு கணத்தில் அவளும் அந்த முப்பது பேரில் ஒருத்தி. பிறகு சூரியன் பாதியானது, கீற்றானது, இல்லாமல் போனது. கீழே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன.

பின்வரிசையிலிருந்த ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாமதான் தப்பா புரிஞ்சுக்கிட்டோம். டீச்சர் சொன்னது உள்ளே இருக்கிற சூரியனை. அது மறையல பாருங்க" என்றார். அதைக் கேட்டதும் பலர் முகத்தில் உயிர் திரும்பியது. ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

தம்பி எழுந்து நின்றான். "இல்லைங்க. அவங்க சொன்னது அதோ, அங்க இருந்த சூரியனை. நாம எல்லாரும்தானே கேட்டோம்."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தையில் அவர்களைத் தக்கவைத்துக்கொள்ள அவளால் முடிந்திருக்கும். அவள் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"தம்பி சொல்றது சரி. நான் அந்தச் சூரியனைத்தான் சொன்னேன். தப்பாயிடுச்சு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலங்கோலம். ஒரு அம்மா டீச்சரைத் திட்டினாள். இன்னொருவர் டீச்சரைத் திட்டிய அம்மாவைத் திட்டினார். சிலர் உள்ளே இருக்கும் சூரியனோடு ஒரு மூலையில் கூடிக்கொண்டார்கள். டீச்சர் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள். ஒரு வாரமாக லிஃப்டம்மா தம்பியிடம் சொல்வதற்கென்று நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்துவைத்திருந்தாள். அதில் ஒன்றைக்கூட எடுக்க மனம் வரவில்லை. அவன் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து, தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

அவள் கணவர் பெயின்டர். அவர் எந்த மண்டபத்துக்கும் போகிறவர் இல்லை. கதவைத் திறந்ததும் மச்சானை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ நாளைக்கு நான் வேலைக்குப் போயே ஆகணுமா மச்சான்?"

"போயே ஆகணும், அத்தான்."

"நாசமாப் போச்சு. உள்ளே வாங்க, சாப்பிடலாம்."

தம்பி அங்கேயே தங்கினான். மனைவிக்குப் போன் போட்டான். அவள் திட்டினாள், அழுதாள், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். லிஃப்டம்மாவும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தபடி ஆரம்பித்தாள்.

"இப்பவாவது புரிஞ்சுதா? எதை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு ஒரு வித்தியாசம் இருக்கு."

"இருக்குக்கா. எல்லாம் ஒண்ணுதான்னு நான் சொல்ல மாட்டேன். நான் நம்பினது பொய். ஒரு சாயங்காலத்துல தெரிஞ்சுபோச்சு." அவன் தட்டை அலசி அவளிடம் நீட்டினான். "உன்னோடது எப்போ தெரியும்?"

"என்னது?"

"பொய்யா இருந்தா, எப்போ தெரியும்? என்ன நடந்தா, சரி இது இல்லைன்னு நீ ஒத்துக்குவே?"

"அப்படி எதுவும் நடக்காது. எங்களோடதுல தேதி எல்லாம் கிடையாது."

"கடையில சில சமயம் தேதி அழிஞ்சுபோன பாட்டில் வரும். தேதி இல்லைங்கிறதால அது கெட்டே போகாதுன்னு அர்த்தம் இல்லக்கா. எப்போ கெட்டுச்சுன்னு நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் அதை யாருக்கும் கொடுத்ததில்ல."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க அத்தான் அன்னைக்கு எப்படி உயிரோட வந்தார்? அதுக்கு என்ன சொல்றே?"

அது மண்டபம் முழுவதற்கும் தெரிந்த கதை. பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் சாரம் சரிந்தது. அதன் மேல் இரண்டு பேர் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்று காலை அவள் என்னவென்று தெரியாத ஒரு பயத்தில் முழங்காலிட்டுப் பிரார்த்தனை செய்திருந்தாள். சாரம் விழுவதற்குச் சற்று முன்னால் அவள் கணவர் கீழே இறங்கியிருந்தார். கூட நின்றவர் இறந்துபோனார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளையொட்டி அவள் மண்டபத்தில் எழுந்து நின்று இதைச் சாட்சியமாகச் சொல்வாள். கேட்டவர்கள் ஒரே குரலில் "நன்றி" என்பார்கள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெயின்டர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார்.

"மச்சான்கிட்ட நிஜத்தைச் சொல்லிடலாமா?"

"என்ன நிஜம்?"

"நான் எதுக்குக் கீழே இறங்கினேன்னு நீ கேட்டதே இல்லையே. மூத்திரம் முட்டிக்கிட்டு வந்துச்சு. அதான் இறங்கினேன். உங்க மண்டபத்துல சொல்ற மாதிரியா இருக்கு அது?"

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டான். அவளும் சிரித்திருப்பாள். ஆனால் கணவர் சிரிக்கவில்லை.

"நீ அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவன்தான் ஞாபகம் வருவான். அவன் பொண்டாட்டியும் காலையில பிரார்த்தனை பண்ணிட்டுத்தான் அனுப்பியிருப்பா. உங்க மண்டபத்து ஆள்தானே அவளும்."

அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

இறந்தவரின் மனைவி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மண்டபத்தில் அவளுக்கு எப்போதும் நாலாவது வரிசை, சுவரோரம். ஒவ்வொரு வருடமும் அந்தச் சாட்சியத்தை அவளும் அங்கே உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறாள். மற்றவர்களோடு சேர்ந்து அவளும் "நன்றி" சொன்னாளா? எத்தனை யோசித்தும் லிஃப்டம்மாவுக்கு நினைவு வரவில்லை. ஒருமுறைகூட அந்தப் பக்கம் பார்த்ததில்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் வேலை முடிந்து அந்தக் கடைக்குப் போனாள். கடைக்காரி யாருடைய பாடக் குறிப்புகளையோ பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் வருவதும் போவதுமாக இருந்தது.

"எத்தனை காப்பி?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தவள், "அட, நீங்களா. உட்காருங்க" என்றாள்.

லிஃப்டம்மா உட்காரவில்லை. "ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இந்த வருஷம் நான் அதைச் சொல்லப் போறதில்ல. இத்தனை வருஷம் உங்களை உட்கார வெச்சு அதைச் சொன்னதே தப்பு."

கடைக்காரி இயந்திரத்தை நிறுத்தினாள். "சொல்லாம விட்டுடாதீங்க."

"ஏன்?"

"அவரைப் பத்திப் பேச்சு வர்றதே வருஷத்துல அந்த ஒரு நாள்தான். 'கூட நின்னவர்'னு நீங்க சொல்வீங்க இல்ல, அதுக்காகவே நான் காத்துக்கிட்டு இருப்பேன். அதுக்கப்புறம் நீங்க சொல்றதைக் காதுல வாங்க மாட்டேன்."

லிஃப்டம்மா இப்போது உட்கார்ந்தாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"அன்னைக்கு நீங்களும் பிரார்த்தனை பண்ணீங்களா?"

"தினமும்தான் பண்ணினேன். அன்னைக்கு மட்டும் விட்டிருப்பேனா?"

"என்னோடது கேட்டுது, உங்களோடது கேட்கலன்னு..."

"யோசிக்காம இருந்திருப்பேன்னு நினைக்கிறீங்களா?" அவள் தாள்களைத் தட்டி அடுக்கினாள். "நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன்னு ரொம்ப நாள் நினைச்சேன். அப்புறம், இதெல்லாம் அப்படி நடக்கிற விஷயமே இல்லைன்னு விட்டுட்டேன். அது ஒண்ணை மட்டும்தான் விட்டேன். மத்தபடி வந்துக்கிட்டுதான் இருக்கேன்."

"அதை விட்டுட்டா மிச்சம் என்ன இருக்கு?"

"எனக்குப் போதுமான அளவு இருக்கு. உங்களுக்கு எப்படியோ."

வீட்டுக்கு நடந்தே வந்தாள். வழியெல்லாம் தான் நம்புவதையெல்லாம் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தாள். நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்பது இருந்தது. அது உலகத்தைப் பற்றிய பேச்சு, கண் இருக்கிறவர்கள் சரிபார்க்கலாம். பார்த்தால் நிற்காது. யாரையும் கைவிடக் கூடாது என்பதும் இருந்தது. அதைச் சரிபார்க்க வழியில்லை, அதை வைத்துக்கொண்டு வாழத்தான் முடியும். இரண்டையும் அவள் இத்தனை நாள் ஒரே மூட்டையில் கட்டி, ஒரே நிச்சயத்தோடு சுமந்து வந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவரைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது என்று மட்டும் தெரியவில்லை. அதை அப்படியே விட்டாள்.

சாட்சியம் சொல்லும் நாளில் அவள் எழுந்து நின்றாள்.

"ஒரு சாரத்துல ரெண்டு பேர் நின்னாங்க. ரெண்டு வீட்லயும் காலையில பிரார்த்தனை பண்ணினோம். என் வீட்டுக்காரர் ஒரு காரியமா கீழே இறங்கினார். கூட நின்னவர் இறங்கல. சாரம் விழுந்துச்சு. ஏன் இப்படின்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது."

உட்கார்ந்துவிட்டாள். "நன்றி" சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் புரியவில்லை. பாதி பேர் வாயைத் திறந்துவிட்டு மூடினார்கள். மண்டபப் பொறுப்பாளர் முகம் சுளித்தது பின்வரிசை வரை தெரிந்தது. அடுத்தவரைக் கூப்பிட அவர் எழுந்தபோது, நாலாவது வரிசையில் சுவரோரத்திலிருந்து ஜெராக்ஸ் கடைக்காரி எழுந்து நின்றாள். அவள் அங்கே பேசி யாரும் கேட்டதில்லை.

"அவர் உயரமா இருப்பார். சாரத்து மேல நின்னா விசில் அடிப்பார், கீழே வந்தா அடிக்க மாட்டார். சின்ன வயசுல விசில் அடிச்சதுக்கு வாத்தியார் அடிச்ச பயமாம். யார் வீட்ல வேலை செஞ்சாலும் மிச்சப் பெயின்டை அவங்க வீட்டுப் பிள்ளைங்க கேட்ட இடத்துல அடிச்சுக் கொடுத்துட்டு வருவார். அவ்வளவுதான்."

இப்போதும் யாரும் "நன்றி" சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு முதியவர் மட்டும், "எங்க வீட்டு மாடிப்படியில ஒரு நீல மீன் இருக்கு. அது அவர் வரைஞ்சதுதான்" என்றார். மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு பரவியது. கடைக்காரியும் சிரித்தாள்.

அதற்குப் பின் தம்பி ஒரு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தான். மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். கொஞ்ச நாள் அவள் சாயங்காலமானால் ஜன்னலைக் காட்டி, "பாருங்க, போகுது" என்று வம்புக்கு இழுத்தாள். அவனும் பொறுத்துக்கொண்டான். அவன் வேறு எதிலும் சேரவில்லை. நீச்சல் டீச்சரிடம் இப்போது பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் குறைவு. தம்பி தன் இரண்டு பிள்ளைகளையும் அவளிடமே அனுப்புகிறான். தப்பாயிடுச்சு என்று சொல்லத் தெரிந்தவளிடம் பிள்ளைகளைத் தண்ணீரில் விடத் தனக்குப் பயமில்லை என்கிறான்.

லிஃப்டம்மா மண்டபத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். வழக்கமான முதல் பாட்டின் மூன்றாவது அடியில், எங்களுக்கு ஒரு தீங்கும் வராமல் காக்கிறாய் என்று வரும். அந்த அடி வரும்போது அவள் வாயை மூடிக்கொள்கிறாள். மற்றவர்கள் பாடி முடித்ததும் நாலாவது அடியில் சேர்ந்துகொள்கிறாள். அவள் குரல் அந்த இடத்தில் இல்லாததை முன்வரிசையில் இருப்பவர்கள் கவனித்திருக்கிறார்கள். இதுவரை யாரும் காரணம் கேட்கவில்லை.